அமுக்கராவிடம் கேட்டது

இரண்டாவது குடமும் காலி. ஆறு வயசு ஜானகி காலையிலிருந்து இரண்டு குடம் தண்ணீரைக் குடித்துவிட்டாள். ஒரு தடவைகூட ஒன்றுக்குப் போகவில்லை. மர்பி டவுன் தெருக்குழாயடியில் நிற்கும்போதுதான் தாய்க்காரி தனக்கோடிக்கு அது உறைத்தது.

ஆனாலும் காய்ச்சல் விட்டிருந்ததே! பதினோரு நாள் அனலாய்க் கொதித்த உடம்பு. நேற்று உல்சூர் ஏரிக்கரையில் அமுக்கரா வேரைத் தோண்டி வந்து பாலில் காய்ச்சிக் கொடுத்ததுதான், ஜில்லென்று ஆகிவிட்டது. இரண்டு பிள்ளைகளை வாரிக் கொடுத்தவளுக்கு இது ஒன்றுதான் மிச்சம். சந்தோஷப்படாமல் என்ன செய்வாள், பாவம்.

தூறல் பிடித்த சாயங்காலம். குடிசையில் ஒழுகாத மூலையிலும் மண் தரை ஈர வாசனை வீசியது. ஜானகி பாயைத் தள்ளிவிட்டு, வெறுந்தரையில் பாதம் ஊன்றி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் வெளிச்சம் நகர நகர அவள் முகமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டே போனது.

வேர் சொன்ன நாராயணசாமி வைத்தியர் வந்தார். நாடி பிடித்தார். விட்டார். மறு கையைப் பிடித்தார். நெடுநேரம் விடவில்லை.

"வேர் எடுக்கும்போது செடிக்குக் காப்பு கட்டினியா?"

"மஞ்சக் கயிறு கட்டினேன் சாமி."

"'உன் உயிர் உன்கிட்டயே நிக்கட்டும், மருந்தை மட்டும் குடு'ன்னு கேக்கச் சொன்னேனே. கேட்டியா?"

தனக்கோடி தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். மருந்து மட்டும் போதும் என்று எந்தத் தாய் கேட்பாள்?

"உன் உயிரை எம்பொண்ணுக்குக் குடுத்துடுன்னு கேட்டுட்டேன் சாமி."

வைத்தியர் எழுந்தார். செருப்பைக்கூட மாட்டாமல் மழையில் இறங்கிப் போனார்.

தனக்கோடி மகளின் நெஞ்சில் காதை வைத்தாள். துடிப்பில்லை. மூக்கடியில் விரல் வைத்தாள். மூச்சில்லை.

"ஐயோ, என் கண்ணு!"

வாரித் தூக்கினாள்.

வரவில்லை.

மறுபடி இழுத்தாள். தரைக்குள் ஏதோ நறநறவென்று அறுந்தது. குதிகாலைச் சுற்றி மண் வெடித்திருந்தது. வெடிப்புக்குள் வெள்ளையாக, நூல் நூலாக.

"வலிக்குதும்மா."

அதே குரல். பெற்ற பிள்ளையின் குரல்.

கத்தலாம். நாலு பேரைக் கூப்பிடலாம். பிடுங்கச் சொல்லலாம். பிடுங்கினால்?

தனக்கோடி குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். வெடித்த மண்ணைக் கூட்டி, மகளின் கணுக்காலைச் சுற்றி அணைத்து, மெல்ல அழுத்தினாள்.

ஜானகி சிரித்தாள்.

"முழங்கால் வரைக்கும் போடும்மா."

தனக்கோடி தரையை நகத்தால் தோண்ட ஆரம்பித்தாள்.