நான்காவது சிலிண்டரின் சூடு

பட்டறைக் கூரையின் நிழலுக்குள் லாரி நுழையும்போதே மெக்கானிக்கின் காது நோயைப் பிடித்துவிட்டது. ஆறு சிலிண்டரில் ஐந்துதான் உழைத்தது. ஐந்து அடி, ஒரு தடுமாற்றம். மறுபடி ஐந்து அடி, ஒரு தடுமாற்றம்.

"வாங்க மாப்ள. வண்டி நொண்டியடிக்குதே?"

தங்கையின் கணவர் கேபினிலிருந்து குதித்தார். "என்ஜின் மாத்துன நாள்லேர்ந்து இதே கூத்துதான் மச்சான். மூணு பட்டறை ஏறி இறங்கியாச்சு. நீங்களும் கைவிரிச்சா உங்க தங்கச்சியைத்தான் தள்ளச் சொல்லணும்."

"நிறைமாசக்காரியையா?"

சிரித்தார்கள். ஆனால் காலையில் தங்கை போனில் சொன்னது மெக்கானிக்குக்கு மறக்கவில்லை. "மலைப்பாதையில லோடு ஏத்திட்டுப் போறாரு அண்ணா. நீங்க சரின்னு சொன்னாத்தான் அனுப்புவேன்."

என்ஜினை ஓடவிட்டு, டீசல் குழாய்களின் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். முதலாவதைத் தளர்த்தியதும் என்ஜின் திணறியது. இறுக்கிவிட்டு அடுத்தது, அதற்கும் திணறியது. நான்காவதைத் தளர்த்தியபோது சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. செத்த சிலிண்டர் அதுதான்.

டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைப் புதிதாக மாற்றினார். பயனில்லை. வால்வு இடைவெளி சரி. கம்ப்ரஷன் சரி. டீசலும் போகிறது, காற்றும் போகிறது. எரியாமல் இருக்க ஒரு காரணமும் இல்லை.

வெப்பமானியை நீட்டி, புகை வெளியேறும் வாய்களை வரிசையாகப் பார்த்தார். ஐந்தில் நூற்று நாற்பது டிகிரியை ஒட்டி. நான்காவதில் முப்பத்தேழு.

என்ஜினை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். திரும்பி வந்தபோது மற்றவை பாதியாக ஆறியிருந்தன.

நான்காவது, முப்பத்தேழு.

என்னவோ தோன்றி, கருவியைத் தன் கழுத்தடியில் பிடித்துப் பார்த்தார். ஏறக்குறைய அதே எண்.

இன்ஜெக்டரைக் கழற்றினார். துளையிலிருந்து கரிநாற்றம் வரவில்லை. வெகுநேரம் மூடிக் கிடந்த வாயின் வாடை வந்தது. மெல்லிய கேமரா வயரை உள்ளே இறக்கினார். பிஸ்டனின் தலை திரையில் தெரிந்தது. பிறகு படம் மங்கியது. லென்ஸில் ஈரம்.

தெளிந்தது.

மங்கியது.

தெளிந்தது.

அவர் வயரை வெடுக்கென்று உருவினார்.

"மாப்ள," குரல் தாழ்ந்திருந்தது. "இந்த என்ஜினை எங்க வாங்குனீங்க?"

மாப்பிள்ளை கண்ணைத் திருப்பிக்கொண்டார். "பழைய இரும்புக் கடையில. கவிழ்ந்த வண்டியோடது. கேபின் நசுங்கி டிரைவர் என்ஜின் மேலயே மாட்டிக்கிட்டாராம். கத்திக்கிட்டே இருந்திருக்காரு. டீசல் தீர்ற வரைக்கும் என்ஜின் ஓடியிருக்கு. அந்தச் சத்தத்துல யாருக்கும் கேக்கலை."

"தெரிஞ்சுமா வாங்குனீங்க?"

"இரும்புதானே மச்சான்."

"இந்த இரும்போட நீங்க மலையேற வேண்டாம். லோடு ரெண்டு நாள் தள்ளிப் போகட்டும்."

மாப்பிள்ளை தலையாட்டினார். அவரும் திரையைப் பார்த்துக்கொண்டுதான் நின்றிருந்தார்.

பட்டறையில் வேறொரு என்ஜின் இருந்தது. மறுநாள் முழுக்கப் பாடுபட்டு அதைப் பொருத்தினார்கள். சங்கிலியில் தூக்கிய பழையதைப் பின்சுவர் ஓரம் இறக்கினார்கள். மூன்றாம் நாள் காலை ஆறு சிலிண்டரும் சீராக அடித்தன. மெக்கானிக் தானே தங்கையை அழைத்தார். "பயமில்லம்மா. அனுப்பலாம்."

லாரி கிளம்பிப் போனதும் வெப்பமானியோடு கொல்லைப்பக்கம் போனார். பழைய என்ஜினின் ஐந்து வாய்களும் இருபத்தாறு. நான்காவதில் கருவியைப் பிடித்தபோது கண்ணை மூடிக்கொண்டார். பிறகு திறந்தார்.

இருபத்தாறு.

வெறும் இரும்பு. சுவரில் சாய்ந்து நெஞ்சு நிறைய மூச்சு விட்டார்.

நண்பகலில் போன் அடித்தது. மாப்பிள்ளை.

"பாதி மலை ஏறிட்டேன் மச்சான். என்ஜின் வெண்ணெய் மாதிரி ஓடுது."

"அப்புறம் என்ன?"

பதில் ரகசியம் பேசுவதுபோல் வந்தது.

"வண்டியை ஓரங்கட்டிட்டு வெளிய நிக்கிறேன். பக்கத்து சீட்டுல கை பட்டுது, சூடா இருக்கு. ஆள் உக்காந்திருந்த சூடு."

"வெயிலா இருக்கும் மாப்ள."

"இங்க ஒரே பனிமூட்டம் மச்சான். வெயிலே இல்ல. சீட்டு இன்னும் அமுங்கித்தான் இருக்கு."