நாணலுக்கு மேல் ஏறிய ஈரம்

சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஈரம் ஏறியிருந்ததை ஷர்பத் மத்தியானம்தான் கவனித்தாள். ஆமு தரியா ஆற்றங்கரையில் யார் வீடு கட்டினாலும் அஸ்திவாரத்துக்கும் மண் சுவருக்கும் நடுவே ஒரு சாண் நாணல் பரப்புவார்கள். ஈரமும் உப்பும் அதைத் தாண்டாது. இவள் இரண்டு சாண் பரப்பியிருந்தாள். வீடுகளுக்கு வரைபடம் போடுவது அவள் தொழில், இது அவளுடைய சொந்த வீடு. ஆற்றுக் காற்றைப் பிடிக்க வடக்கே உயரமான தாழ்வாரம், வெயிலைத் தாங்க மூன்றடி கனத்தில் சுவர். எல்லாம் ஆறு மாதக் குழந்தை நிகோராவுக்காக.

கையை வைத்துப் பார்த்தாள். வெளியே அனல் பறந்துகொண்டிருக்க, சுவர் மட்டும் சில்லென்று இருந்தது. சேற்று வாடை அடித்தது. உள்ளே எங்கோ தண்ணீர் கரையை மெல்ல நக்குவது போன்ற சத்தம் ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு நகர்ந்து போய்க்கொண்டிருந்தது.

மேஸ்திரி மத்யாகூபுக்குப் போன் போட்டாள்.

“அண்ணே, சுவர் நனையுது.”

“படம் போட்டுக் கட்டுன வீடாச்சே தங்கச்சி, அதுக்குமா வேர்க்குது?” என்று சிரித்தவர் சட்டென்று நிறுத்தினார். “எந்தச் சுவரு?”

“உள்ள தண்ணிச் சத்தம் பாப்பா ரூம் பக்கம் போவுது.”

“அப்பவே தலபாடா அடிச்சுக்கிட்டேன். சுவத்துக்கு மண்ணு சொந்த முத்தத்துலதான் தோண்டணும். குழி இருந்தா புள்ள விழுந்துடும்னு நீதான் கரை மண்ணக் கொண்டாரச் சொன்ன. அது ஆறு முழுங்குன கபர்ஸ்தான் மண்ணும்மா, பொணம் பொதைச்ச மண்ணு. புள்ளையத் தூக்கிட்டு வெளிய வந்துடு. ஓடு!”

சுவருக்குள் சத்தம் நின்றுவிட்டது.

ஓடினாள். நடையில் கால் வழுக்கியது. கதவைத் தள்ளினாள்.

மரத்தொட்டில் அசையாமல் இருந்தது. குழந்தை புரளாதிருக்கக் கட்டிய துணிப்பட்டைகள் கட்டியபடியே கிடந்தன. முடிச்சு அவிழவில்லை. நடுவே வெறும் மெத்தை.

“நிகோரா!”

அழுகை கேட்டது. சுவருக்குள்ளிருந்து.

இரண்டு கைகளாலும் மண்ணைப் பறித்தாள். ஈரம் ஓரங்களிலிருந்து காய்ந்து சுருங்கியது. பாய் அளவு. தலையணை அளவு. காய்ந்த இடம் கல்லாக இறுகியது. நகம் பெயர்ந்தது. ரத்தம். இன்னும் பறித்தாள்.

குழந்தை முகத்தின் அளவுக்கு ஈரம் மிச்சமிருந்தது. அது விம்மித் தாழ்ந்துகொண்டிருந்தது.

அதுவும் காயத் தொடங்கியது.