பச்சை ராணியின் உயரம்

"இன்னைக்கே என் தம்பியை வீட்டை விட்டு அனுப்பறேன். அதுக்கு முன்னாடி, அவன்தான் செஞ்சான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்," என்றார் பல் மருத்துவர். உட்காரக்கூட இல்லை.

காப்பீட்டு அலுவலகத்தில் பொய்த் தீவிபத்துகளைத் துருவிப் பழகியவள் பெரியக்கா. ஓய்வுக்குப் பின் அதையே தொழிலாக்கிக்கொண்டாள், தங்கையைத் துணைக்கு வைத்துக்கொண்டு.

"என்ன செஞ்சார்?"

"மாடியறையில பொம்மை ரயில் வெச்சிருக்கேன். நாளைக்குப் போட்டி நடத்தறவங்க பார்க்க வர்றாங்க. முந்தாநாள் வரைக்கும் ஒழுங்கா ஓடின என் பச்சை ராணி, காலையில குகை வாயில இடிச்சுக் கவிழுது! குகை தம்பி கட்டினது. அதோட வாயைக் குறுக்கி வெச்சுட்டான். என் இஞ்சினை நாலு பேர் மெச்சினா அவனுக்கு வயிறு எரியும்."

"பல் டாக்டர் வீட்டுலயே வாய் சரியில்லையா?" என்றாள் தங்கை. பெரியக்காவின் பார்வை அவள் வாயை மூடியது.

மருத்துவர் வீட்டில் அவர் மனைவிதான் கதவைத் திறந்தாள். படியடியில் தம்பியின் பெட்டி, கயிறு கட்டித் தயாராக இருந்தது.

"விரல்ல என்ன கட்டும்மா?" என்றாள் பெரியக்கா.

"காய் நறுக்கறப்போ பட்டுடுச்சு."

"மேல வாங்களேன்."

"நானா? அந்த அறையில நான் காலே வைக்கறதில்ல. அங்கதான் அவரோட ராணி இருக்காளே!" என்றாலும் வாசல்வரை வந்து நின்றாள்.

அறை முழுக்க ஒரே மேசை. அதன்மேல் நிலையம், பாலம், மலை. தம்பி சுவரோரம் நின்றான்.

"அண்ணன் பல்லை மட்டும்தான் பிடுங்குவார்னு நெனச்சேன், இப்போ என்னையே பிடுங்கி எறியறார்," என்றான்.

"பாத்தீங்களா திமிரை!" என்றார் மருத்துவர்.

பெரியக்கா குகை வாயைத் தடவினாள். பழைய வண்ணம், புதுப் பூச்சு எங்குமில்லை. நடைமேடையில் நின்ற போர்ட்டர் பொம்மையை எடுத்து ரயில் பெட்டிக் கதவருகே வைத்தாள். தலை கதவின் மேல்சட்டத்தைத் தொடும் உயரம். அவனையே இஞ்சின் கதவருகே நிறுத்தினாள். பெரியவர் சட்டையை மாட்டிக்கொண்ட பையனைப் போலிருந்தான்.

"குகை குறுகலை. இஞ்சின்தான் பெருசு."

"அதெப்படி? தண்டவாளத்துல கச்சிதமா உக்காந்துச்சே!" என்றாள் மனைவி.

பெரியக்கா திரும்பவில்லை. இஞ்சினைக் கவிழ்த்தாள், வயிற்றில் '1/76' என்று பொறித்திருந்தது. ரயில் பெட்டியின் அடியில் '1/87'.

"எண்பத்தேழுதானே பெருசு?" என்றாள் தங்கை.

"ஒரு பூசணிக்காயை எண்பத்தேழு பேருக்கு அறுத்தா துண்டு பெருசா, எழுபத்தாறு பேருக்கா? நிஜ ரயிலைச் சுருக்கறதும் அப்படித்தான். ஆனா இந்த ரெண்டு அளவும் ஓடறது ஒரே அகலத் தண்டவாளத்துல. அதான் வம்பு."

"அப்போ இது என் ராணியே இல்லையா?" என்றார் மருத்துவர்.

"இல்ல. மாத்தினவங்க தண்டவாள அகலத்தை மட்டும் அளந்துகிட்டுக் கடைக்குப் போயிருக்காங்க. குகை கட்டின தம்பிக்கு இந்த அளவெல்லாம் அத்துப்படி. அவர் இப்படித் தப்பு பண்ண மாட்டார்." இப்போது திரும்பினாள். "காலே வைக்காத அறையில, எது கச்சிதமா உக்காந்துதுன்னு உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

மனைவி கட்டுப்போட்ட விரலை மறைத்துக்கொண்டாள்.

"துணியெடுத்துத் துடைச்சுத் துடைச்சு அவளை 'ராணி, ராணி'ங்கறார். என்னை 'ஏய்'ங்கறார். முந்தாநாள் தரையில போட்டு உடைச்சேன். பயந்துபோய் அதே மாதிரி வாங்கி வெச்சேன். பழி தம்பி மேல விழும்னு சத்தியமா நினைக்கலை."

"விடுங்க அண்ணி," என்றான் தம்பி.

"டாக்டர், கவிழ்ந்ததும் இஞ்சினைக் கையில எடுத்துப் பார்க்கலையா?" என்று கேட்டாள் பெரியக்கா.

"இல்ல... தம்பி முகத்தைத்தான் பார்த்தேன். சிரிக்கிறானான்னு."

"தப்பான முகத்தைப் பார்த்திருக்கீங்க. வயிறு யாருக்கு எரிஞ்சுதுன்னு இப்போ தெரியுதா?"

மருத்துவர் படியிறங்கி, தம்பியின் பெட்டியைத் தாமே தூக்கி வந்து உள்ளே வைத்தார். பிறகு மனைவியின் பக்கம் திரும்பியவர் திடுக்கிட்டார்.

"விரல்ல என்ன இது?"

"முந்தாநாளிலேர்ந்து இருக்கு," என்றாள் அவள்.