அத்தை கடையின் நீலத் தண்ணீர்

உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே இளமதியின் அத்தை பிரபா புதிதாகக் குளிர்பானக் கடை போட்டிருந்தாள். சென்னையில் ஒரு பெரிய ஹோட்டலில் விதவிதமான பானங்கள் கலக்கும் வேலையில் இருந்தவள். ஐந்தாம் வகுப்பு முடித்திருந்த இளமதி, கோடை விடுமுறை முழுக்க அந்தக் கடையே கதி என்று கிடந்தாள்.

கடை வாசலில் ஒரு கரும்பலகை. அதில் கொட்டை எழுத்தில் ‘புளூ ஸ்பைஸ் கூலர்’ என்று அத்தை எழுதியிருந்தாள்.

அன்று மத்தியானம் சைக்கிள் கடை சடையப்பன் வந்தார். பலகையை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“எங்க வூட்டு கூலரு தண்ணியா ஒழுகுதும்மா. இங்க ரிப்பேரு பாப்பீங்களா?”

அத்தை திருதிருவென்று விழித்தாள். இளமதிதான் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள். “மாமா, இது குடிக்கிற கூலரு.”

“கூலரைக் குடிக்கிறதா?” தலையைச் சொறிந்துகொண்டே அவர் போய்விட்டார்.

அடுத்து, கீரை விற்கும் ஜெயம்மாள் வந்தாள். கூடையை இறக்கி வைத்துவிட்டு, கண்ணாடி ஜாடியைக் குனிந்து பார்த்தாள். உள்ளே இருந்தது நல்ல நீலம்.

“வெள்ளைத் துணிக்குப் போடுவாங்களே, அந்த நீலம் மாதிரி கீது. எனக்கு இன்னாத்துக்கும்மா இந்தப் பேஜாரு?” என்றாள். கூடையைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிலையத்துக்குள் நடந்தாள்.

அத்தை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். “மதி, நீயாவது குடிச்சுட்டு எப்படி கீதுன்னு சொல்லு.”

மிளகு போட்டது என்பதால் அத்தை இதுவரை அவளுக்கு ரோஸ் மில்க்தான் கொடுத்து வந்தாள். இன்றுதான் நீலத் தண்ணீர் கிடைத்தது. அத்தை அதில் எலுமிச்சை பிழிந்ததும், நீலம் சட்டென்று கத்தரிப்பூ நிறமாக மாறியது.

இளமதி ஒரு வாய் குடித்தாள். முதலில் புளித்தது. அப்புறம் இனித்தது. மழை பெய்த மண் மாதிரி ஒரு வாசனை மூக்கில் ஏறியது. அவ்வளவுதான் என்று நினைக்கும்போது தொண்டையில் சுள்ளென்று மிளகு பிடித்தது.

“எப்படி கீது?”

நன்றாக இருக்கிறது என்று சொல்லலாமா? அது முழு உண்மை இல்லை. நன்றாக இல்லை என்றால் அதுவும் உண்மை இல்லை.

“தெரியல அத்தை. குழப்பமா கீது.”

அத்தையின் முகம் வாடிப்போனது. “உனக்கே புரியலன்னா ஊருக்கு எப்படிப் புரியும்? அந்த ஹோட்டல்ல திரும்பக் கூப்பிடறாங்க. பேசாம சென்னைக்கே போயிட வேண்டியதுதான்.”

இளமதி தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு பொய் சொல்லியிருக்கலாமோ? அவள் டம்ளரைப் பார்த்தாள். அது காலியாக இருந்தது. பிடித்ததா இல்லையா என்றே தெரியாத ஒன்றை எதற்குக் கடைசிச் சொட்டு வரை குடித்தோம்? குழப்பம் இன்னும் கூடியது. கொஞ்சம் ஊற்றி மறுபடி குடித்தாள். அப்போதும் அது என்ன ருசி என்று பிடிபடவில்லை. நிறுத்தவும் முடியவில்லை.

‘சரி, வேற யாருக்காவது தெரியுதான்னு கேட்டுப் பாப்போம்.’

“அத்தை, கொஞ்சம் எடுத்துக்கினு போறேன்” என்று சொல்லிவிட்டு, சின்ன டம்ளர்களில் ஊற்றி, எலுமிச்சை பிழிந்து, ஒரு தட்டில் அடுக்கினாள். சாலையைப் பார்த்துக் கடந்தாள். சாலவாக்கம் பேருந்துக்காகச் சிலர் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“பெரிம்மா” என்று ஜெயம்மாளிடம் போய் நின்றாள். “இது இன்னா ருசின்னு எனக்குக் கண்டுபிடிக்கவே முடியல. நீங்க குடிச்சுப் பாத்துச் சொல்றீங்களா? சங்குப்பூ ஊற வெச்ச தண்ணிதான்.”

“வேலியில பூக்குமே, அதுவா? குடு.” ஜெயம்மாள் கண்ணை மூடிக் குடித்தாள். நாக்கைச் சப்புக் கொட்டினாள். “ரசம். ஆறிப்போன ரசம் இல்ல, ஐஸ் போட்ட ரசம்.”

டீ குடிக்க வந்த சடையப்பன் அதைக் கேட்டு நின்றார். “ரசத்துல எவன் ஐஸ் போடுவான்? இப்படிக் குடு பாப்பா.” குடித்தார். “இது பானகம்.”

“பானகம் இந்தக் கலர்லயா கீது?” என்று ஜெயம்மாள் மடக்கினாள்.

“கண்ணை மூடிக்கினு குடிச்சவங்களுக்குக் கலரு எப்படித் தெரியும்?”

பக்கத்தில் இருந்த கல்லூரி மாணவி தீபலட்சுமியும் ஒரு டம்ளர் வாங்கினாள். “ரெண்டும் இல்லீங்க. எங்க வூட்ல பானையில வெட்டிவேர் போடுவாங்க. அந்த வாசனை.”

“மண்ணு வாசனை வருதே, அதுதான் வெட்டிவேரா அக்கா?” என்றாள் இளமதி.

“எங்க, இன்னும் கொஞ்சம் ஊத்து. அப்பத்தான் தெரியும்” என்றாள் ஜெயம்மாள். டம்ளர்கள் காலியாகிவிட்டன. வழக்கு தீரவில்லை. பேசிக்கொண்டே, பேருந்துக்குக் காத்திருந்தவர்களும் சேர்ந்து எல்லோரும் சாலையைத் தாண்டி அத்தையின் கடைக்கே வந்துவிட்டார்கள்.

“இன்னாம்மா போட்ட இதுல?” என்று சடையப்பன் விசாரித்தார்.

“சங்குப்பூ, வெட்டிவேர், எலுமிச்சை, சர்க்கரை, மிளகு.”

“பாத்தியா, நான் சொல்லல?” என்றார்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில்.

“மெளகைக் கொஞ்சம் கொறைச்சுக்கோ” என்றாள் ஜெயம்மாள்.

“கொறைக்காத. அதுதான் சரியா கீது” என்றார் சடையப்பன்.

அத்தை சிரித்தாள். பலகையைத் துணியால் துடைத்துவிட்டு, ‘சங்குப்பூ மிளகுத் தண்ணி’ என்று எழுதினாள். “கீழ இன்னா எழுதலாம், மதி?”

“‘ருசி இன்னான்னு நீங்களே சொல்லுங்க’ன்னு எழுதுங்க அத்தை.”

எழுதி முடித்துச் சாக்பீஸைக் கீழே வைத்த அத்தை, “நாளைக்குக் காலையில நெறைய பூ பறிக்கணும். சீக்கிரம் வந்துடு” என்றாள். ‘நாளைக்கு’ என்ற சொல் இளமதிக்கு அவ்வளவு இனிப்பாக இருந்தது.

அப்போது சாலவாக்கம் பேருந்து வந்து நின்றது. கண்டக்டர் விசில் ஊதினார். யாரும் நகரவில்லை. மறுபடி ஊதினார். பிறகு இறங்கி விறுவிறுவென்று கடைக்கே வந்துவிட்டார்.

“ஏறப் போறீங்களா, இல்லியா?”

இளமதி அவரிடம் ஒரு டம்ளரை நீட்டினாள். “இது இன்னா ருசின்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க சார்.”

அவர் குடித்தார். புருவத்தைச் சுருக்கினார். இன்னொரு வாய் குடித்துவிட்டு வானத்தைப் பார்த்தார். அந்தப் பக்கம் டிரைவர் ஹாரன் அடித்தார்.

“இருண்ணே, இது இன்னான்னு பாத்துட்டு வரேன்” என்று கண்டக்டர் குரல் கொடுத்தார்.

டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வந்தார்.