அட்டை ஏறாத கால்கள்

அவன் காலில் ஒரு அட்டைகூட இல்லை.

தன் கணுக்காலில் ஒட்டியிருந்த ஒன்றை நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தபோதுதான் அவள் அதைக் கவனித்தாள். குனிந்திருந்தவளின் கண்ணுக்கு நேராகக் கணவனின் கால்கள் நின்றன. முழங்கால்வரை சுருட்டிவிட்ட பேன்ட், ஈரத்தில் படிந்த ரோமம், வெளுத்துப்போன கெண்டைக்கால். கொஞ்சம் முன்னால்வரை அதே கெண்டைக்காலில் ரத்தம் கோடு கோடாக இறங்கிச் செருப்பை நனைத்துக்கொண்டிருந்தது. அட்டை கடித்த இடம் அவ்வளவு சீக்கிரம் அடங்காது. ரத்தத்தை உறையவிடாத எதையோ உள்ளே விட்டுவிட்டுத்தான் அது விழும். பரிசோதனைக் கூடத்தில் நாள் முழுக்க ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறவளுக்கு இது தெரியாமல் இருக்குமா? மழை கழுவியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். கடித்த வடுவையுமா மழை கழுவும் என்று மனசின் ஓரத்தில் ஒன்று கேட்டது. சும்மா இரு என்று அதை அதட்டிவிட்டு எழுந்தாள்.

'சுலபமான நடை. குழந்தைகளும் முதியவர்களும் அருவிவரை செல்லலாம்' என்று காட்டின் வாசலில் பலகை வைத்திருந்தார்கள். எழுதிய மகராசன் யாரோ, அவனைக் கூட்டிவந்து நடக்கவிட வேண்டும். பாதை என்னவோ சுலபம்தான், மேடு பள்ளம் இல்லாமல் கல் பாவி வைத்திருந்தார்கள். ஆனால் கல்லுக்கு இரண்டு பக்கமும் காடு நெருக்கிக்கொண்டு நின்றது. மழை விட்ட பிறகும் இலைக்கு இலை சொட்டிக்கொண்டேயிருந்த தண்ணீரும், அழுகிய காளானும் ஊறிய மரப்பட்டையும் சேர்ந்த வாடையும், எங்கிருந்து வருகிறது என்றே சொல்லமுடியாத அருவியின் இரைச்சலும் ஒன்றாகக் கலந்து, மூச்சு விடுவதே யாரோ ஈரத்துணியை மூக்கில் வைத்து அழுத்தியது போலிருந்தது. வேண்டாத விருந்தாளியைப் பார்ப்பது மாதிரி இந்தக் காடு நம்மைப் பார்க்கிறது என்று வந்த உடனேயே அவளுக்குத் தோன்றியது. சொன்னால் கிண்டல் செய்வான் என்று சொல்லவில்லை.

அட்டை ஏறாத நீளக் காலுறையை வாடகைக்குத் தரும் கடையில் குழந்தைகள் அளவு மட்டும்தான் மிச்சம் இருந்தது. ஆகவே மகளுக்கு மட்டும் தொடைவரை காலுறை, அதற்குமேல் தொளதொளவென்று மஞ்சள் மழைக்கோட்டு, புருவத்தை மறைக்கிற தொப்பி. மூன்று வயது. வீட்டில் அவளுக்குப் பெயர் வாயாடி. இலை ஏன் சொட்டுது, பூச்சி ஏன் கத்துது, அருவிக்குக் குழாயை யார் மூடுவாங்க என்று ஒரு நொடி வாய் ஓயவில்லை.

அப்பன் மட்டும் என்ன? லிஃப்ட் மெக்கானிக். படியேறி நடப்பதே தன் தொழிலுக்குச் செய்கிற துரோகம் என்று நினைக்கிற ஆள்.

"இதுக்குப் பேரு பிக்னிக்காடி? ரத்ததானம் பண்ண குடும்பத்தோட வந்திருக்கோம். வீட்டுல ஷவரைத் திறந்துவிட்டுட்டு முன்னாடி நாற்காலி போட்டு உக்காந்திருந்தா அதுவும் அருவிதான்."

"புலம்பாம நடங்க. உங்களைப் பெத்தாங்களா, செஞ்சாங்களா?"

"பெத்தாங்க. அதான் கால் வலிக்குது."

பெரிய மரம் ஒன்று வந்தது. அதன் வேர்கள் ஆளுயரத்துக்குப் பலகை பலகையாக எழும்பி, நடுநடுவே அறை மாதிரி தடுத்திருந்தன. அங்கே வந்ததும் வாயாடி ஒன்றுக்கு வருகிறது என்றாள். அவன் முனகிக்கொண்டே அவளைத் தூக்கிக்கொண்டு வேர்களுக்குப் பின்னால் போனான். அந்த மழைக்கோட்டின் பொத்தான்களைத் திட்டுவது கேட்டது. பிறகு கேட்கவில்லை. அவ்வளவு நேரமும் காதைக் குடைந்துகொண்டிருந்த பூச்சிகளின் சத்தமும் அதே நேரத்தில் நின்றது. இவள் பாதையோரக் கல்லில் உட்கார்ந்திருந்தாள். "ஆச்சா?" என்று குரல் கொடுத்தாள். மரத்தின் இந்தப் பக்கம் போனவன் அந்தப் பக்கமாக வந்தான். மகள் அவன் தோளில் முகம் புதைத்துத் தூங்கியிருந்தாள்.

"தூங்கிட்டா. போலாமா?" என்றான்.

இதமாகக் கேட்டான். அடடா, மனுஷனுக்கு மலைக்காற்று ஒத்துக்கொண்டுவிட்டது என்று அப்போது சந்தோஷப்பட்டாள். அதற்குப் பிறகு கொஞ்ச தூரம் நடந்து, கணுக்கால் அரிக்கிறதே என்று குனிந்தபோதுதான் அந்த வெளுத்த கால்களைப் பார்த்தாள்.

இப்போது வேண்டுமென்றே அவனை முன்னால் விட்டுப் பின்னால் நடந்தாள். பாதையோர இலைகளின் நுனியில் அட்டைகள் நூல் நூலாக எழுந்து நின்று, காற்றில் துழாவிக்கொண்டிருந்தன. சூடு எங்கே, ரத்தம் எங்கே என்று தேடுகிற ஜென்மங்கள். அவன் முழங்கால் அந்த இலைகளை உரசிக்கொண்டே போனது. ஒன்றும் திரும்பவில்லை. அவற்றுக்கு ஏதோ ஒரு கல் கடந்து போவது மாதிரி, அவ்வளவுதான். அவன் போன பின்னால் இவள் நெருங்க நெருங்க, எல்லாம் ஒன்றாக இவள் பக்கம் சாய்ந்தன.

அவன் முதுகைப் பார்த்துக் கேட்டாள்.

"என்னங்க, கால் வலிக்கலையா?"

"இல்லையே."

"இவ்ளோ நேரம் பாப்பாவைத் தூக்கிட்டு வர்றீங்க. தோள் கழண்டுடுச்சுன்னு இன்னும் சொல்லவே இல்ல."

"கனமே இல்ல" என்றான். திரும்பாமல் சொன்னான்.

கடையில் கால்கிலோ வெங்காயம் தூக்கினாலே இடுப்பு போச்சு என்கிறவன். அவள் எட்டி நடந்து, வழுக்குகிறது என்று சாக்குச் சொல்லி, அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்த கை தொழில் பழகிய கை. கூடத்தில் புதிதாக வருகிற பெண்களுக்கெல்லாம் அவள்தான் சொல்லித்தருவாள்: இரண்டு விரல் வைத்துப் பார், கட்டைவிரலை வைக்காதே, அதில் உன் நாடியே துடிக்கும், நோயாளியுடையது என்று ஏமாந்துபோவாய். இரண்டு விரல்களை வைத்தாள். அழுத்தினாள். கொஞ்சம் மேலே நகர்த்தினாள். அவன் கையில் நரம்பு கயிறு கயிறாகப் புடைத்திருக்கும். உன் கூடத்துக்கு நான் வந்தால் கண்ணைக் கட்டிக்கொண்டே குத்தலாம் என்று பீற்றிக்கொள்வான். விரலுக்குக் கீழே ஒன்றும் புடைக்கவில்லை. ஒன்றும் ஓடவில்லை. ஆற்றங்கல்லைத் தொட்டது போல ஒரே சீரான குளிர்.

இன்னொரு இடத்தில் வைத்துப் பார்த்தாள். இல்லை.

அவன் திரும்பினான். சிரித்தான். அதே பல், அதே தாடை மச்சம்.

"என்ன பாக்குற?"

"ஒண்ணுமில்ல."

"அருவி வந்துடுச்சு. வா."

இது அவன் இல்லை. அந்த எண்ணம் வந்ததும் அவளுக்கு முதலில் பயம்கூட வரவில்லை. பாப்பா. பாப்பா அதன் தோளில் இருக்கிறாள். கன்னத்தை அதன் கழுத்தில் வைத்துத் தூங்குகிறாள். கத்தக் கூடாது. முகத்தில் காட்டக் கூடாது. ஓடக் கூடாது. முதலில் பிள்ளையை வாங்க வேண்டும். கடவுளே, அதை மட்டும் என் கையில் கொடுத்துவிடு. மற்றதெல்லாம் அப்புறம்.

பாதை ஒரு வளைவில் திரும்பியது. இரைச்சல் காதை அடைத்தது. மரங்களுக்கு நடுவே வெள்ளையாக ஏதோ விழுந்துகொண்டிருந்தது. சாரல் முகத்தில் அடித்தது. ஐஸ் மாதிரி. அங்கே ஒரு ஆள் இல்லை. கைப்பிடிக் கம்பிகள் பாசி பிடித்துக் கிடந்தன. கம்பியைத் தாண்டி கறுத்த தண்ணீர். அது கம்பியை நோக்கி நடந்தது.

"என்னங்க!"

நின்றது.

"சாரல் அடிக்குது. பாப்பாவுக்குச் சளி பிடிச்சுக்கும். என்கிட்ட குடுங்க."

மாட்டேன் என்று சொல்லும். சொன்னால் பிடுங்க வேண்டும். கல் ஏதாவது கிடக்கிறதா என்று கண் தரையைத் தேடியது.

"சரி" என்றது.

உடனே கொடுத்துவிட்டது. இரண்டு கையாலும், பத்திரமாக, தொப்பிகூட நழுவாமல். மஞ்சள் மழைக்கோட்டு அவள் நெஞ்சில் வந்து சேர்ந்தது. சின்னக் கைகள் கழுத்தைக் கட்டிக்கொண்டன. அவள் தங்கத்தை வாங்கினவள் மாதிரி இறுக்கி அணைத்தாள்.

"நீங்க போட்டோ எடுங்க. நான் இந்த மரத்தடியில நிக்கறேன்."

அது தண்ணீரைப் பார்த்துத் திரும்பியது.

ஓடினாள்.

கல் வழுக்கியது. செருப்பு ஒன்று போயிற்று. போகட்டும். இலைகள் முகத்தில் அறைந்தன. ஒரு முள்கொடி புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தது, கிழித்துக்கொண்டு ஓடினாள். காடு விடமாட்டேன் என்றது. கிளை, வேர், சேறு, எல்லாம் காலுக்குக் குறுக்கே வந்து வந்து விழுந்தன. நெஞ்சு கிழிந்துவிடும் போல அடித்தது. பின்னால் காலடி கேட்கிறதா? அருவியின் இரைச்சலில் எதைக் கேட்பது?

"பாப்பா, முழிச்சிட்டியா? பின்னாடி பாரும்மா. வர்றாங்களா?"

தோளுக்கு மேல் தலை நிமிர்ந்தது.

"வரல."

"நல்லா பாத்தியா?"

"அங்கயே நிக்கறாங்க. சிரிக்கறாங்க."

அழுகை முட்டியது. "பயப்படாதேடா கண்ணு. அம்மா இருக்கேன்ல."

"பயமில்ல."

இரைச்சல் தேய்ந்த இடத்தில் நின்றாள். நிற்காவிட்டால் செத்துவிடுவாள். ஒரு மரத்தில் சாய்ந்து, ஒரு கையால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு, மறு கையை மழைக்கோட்டின் கழுத்துக்குள் விட்டாள். ஜில்லென்றிருந்தது. சாரலில் நனைந்தது, ஜில்லென்றுதானே இருக்கும்? அவசரத்தில் கட்டைவிரலைத் தாடைக்குக் கீழே வைத்து அழுத்தினாள்.

துடித்தது. திடும் திடும் என்று துடித்தது.

அம்மாடி.  தெய்வமே, தெய்வமே என்று தொப்பியின் மேலேயே முத்தமிட்டாள். இது போதும். பிள்ளையைக் கொண்டுபோய்க் காரில் உட்காரவைத்து, ஆட்களைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்து, அவரை அந்தப் பெரிய வேர் மரத்தடியில் தேட வேண்டும். அவரை நினைத்ததும்தான் தேம்பித் தேம்பி அழுகை வந்தது. எத்தனை திட்டினாலும் சரி, எவ்வளவு புலம்பினாலும் சரி, ஆளாக வந்து நின்றால் போதும்.

முன்னால் பாதை திரும்பும் இடத்தில் புதர் முறிந்தது. யாரோ வந்தார்கள். ஓடி வந்தார்கள்.

கணவன்.

எப்படி முன்னால் வந்தது? அவள் பின்வாங்கினாள். கத்த வாய் திறந்தாள். அதற்குள் அவன் கத்தினான்.

"எங்கடி போய்த் தொலைஞ்ச? அறிவிருக்கா உனக்கு? மரத்தைச் சுத்தி வந்தா ஆளைக் காணோம்! தொண்டை கிழியக் கூப்பிடுறேன், காதுல என்ன பஞ்சா வெச்சிருக்க? இங்கயும் அங்கயும் ஓடி முட்டி பேந்துடுச்சு!"

மூச்சு வாங்கினான். முகம் சிவந்திருந்தது. முழங்கால் சிராய்த்துச் சேறும் ரத்தமும் வழிந்தது. இப்படிக் கத்த இந்த உலகத்தில் ஒரே ஒருத்தனால்தான் முடியும். அவளுக்குச் சிரிப்பு வந்தது. "வந்துட்டீங்களா" என்று அவனை நோக்கி ஓர் அடி வைத்தாள்.

அவன் இடுப்பில் ஏதோ அசைந்தது. மஞ்சளாக.

"அம்மா எங்கள விட்டுட்டுப் போயிட்டா! அப்பா கெட்ட வார்த்த சொன்னாங்க! ஏம்மா போன? எங்கம்மா போன? அருவி பாத்தியா? எனக்குக் காட்டாம பாத்தியா?"

மூக்கு ஒழுகியது. தொப்பி பின்னால் தொங்கியது. அழுதுகொண்டே பேசினாள், பேசிக்கொண்டே அழுதாள்.

கணவன் திட்டுவதை நிறுத்திவிட்டான். அவன் பார்வை அவள் முகத்திலிருந்து இறங்கி நெஞ்சில் நின்றது. மகளின் தலையைப் பிடித்துத் தன் தோளுக்குள் திருப்பி மறைத்தான்.

"அது யாரு?"

அவள் குனிந்து பார்க்கவில்லை. கழுத்தைச் சுற்றியிருந்த சின்னக் கைகள் மெல்ல இறுகின. இடுப்பைச் சுற்றி இரண்டு கால்கள் வளைந்து, முதுகுக்குப் பின்னால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. காதோரம் இருந்த முகம் மூச்சு விடவில்லை. இவ்வளவு நேரமும் விடவில்லை.

"கீழ விடு" என்றான் அவன், மிக மெதுவாக. "விட்டுட்டு வா."

அவள் இரண்டு கைகளையும் விரித்தாள்.

அது விழவில்லை.