பண்டேலிஸ் வீட்டுக்கு வந்த கப்பல்

கிரேக்க நாட்டின் சீமித் தீவுக்கு அன்று வந்த கப்பல் சாதாரணக் கப்பல் இல்லை. அதன் மூக்கு துறைமுகத்துக்குள் நுழைந்தபோது, வால் இன்னும் ரோட்ஸ் தீவில் காலைச் சாப்பாட்டை முடிக்கவில்லை. அது ஊதிய ஊதலில் துறைமுகத்துப் பூனைகள் எல்லாம் கூரைக்கு ஏறிவிட்டன. இரண்டு பூனைகள் இன்னும் இறங்கவில்லை என்று கேள்வி.

ஆனால் அர்கிரோவுக்குக் கப்பலை வேடிக்கை பார்க்க நேரமில்லை. பத்து வயதுதான் என்றாலும் அன்று வீட்டில் பெரிய பொறுப்பு அவளிடம்தான் இருந்தது. வெள்ளித் தட்டு!

அன்று புனித பண்டெலெய்மோன் திருநாள். அவர் பெயரைச் சுருக்கிப் பண்டேலிஸ் என்று பெயர் கொண்ட எல்லாருக்கும் அன்று பெயர்நாள். மீன் பிடிக்கும் அவள் அப்பாவும் ஒரு பண்டேலிஸ்.

பெயர்நாளுக்கு யாரையும் அழைப்பதில்லை. கதவைத் திறந்து வைத்தால் போதும், ஆட்கள் வருவார்கள். வந்தவர் யாரானாலும் பாகில் ஊறிய பழ இனிப்பு ஒரு கரண்டியும் ஒரு குவளைத் தண்ணீரும் தட்டில் வைத்து நீட்ட வேண்டும். இனிப்பில்லாமல் ஒருவர் திரும்பிப் போனால் தீர்ந்தது கதை. விடிவதற்குள் அந்தச் செய்தி மீன்களுக்குக்கூடத் தெரிந்துவிடும்.

"தட்டைச் சாய்க்காதடி. பாகு சிந்துது பாரு" என்றாள் அம்மா செவஸ்தி.

"சாய்க்கலைம்மா. நாரத்தைதான் தானா ஓடுது."

அப்போது வாசலில் ஒரு தொப்பி தெரிந்தது. அதன் பின்னால் இன்னொரு தொப்பி. அப்புறம் குடைகள், கறுப்புக் கண்ணாடிகள், வெயிலில் தக்காளியாகச் சிவந்த மூக்குகள். கப்பல் பயணிகள்! தெருவே அடைபட்டுப் போகும் அளவுக்குக் கூட்டம்.

மீசையில் இரண்டு நண்டுகள் குடித்தனம் நடத்தலாம். அப்படிப்பட்ட மீசை அப்பாவுக்கு. அது மகிழ்ச்சியில் துடித்தது.

"செவஸ்தி! என் பேரு கப்பல் வரைக்கும் போயிருக்கு! வாங்க, வாங்க, உள்ள வாங்க!"

வந்தவர்கள் சுவரைப் பார்த்தார்கள். கூரையைப் பார்த்தார்கள். கடலில் முக்குளிக்கத் தாத்தா மாட்டிய பித்தளைத் தலைக்கவசத்தைப் படம் பிடித்தார்கள். நாற்காலியில் உறங்கிக்கொண்டிருந்த ஸ்தமாதிஸ் மாமாவைச் சுற்றி நின்று உற்று உற்றுப் பார்த்தார்கள். ஓர் அம்மாள் அவர் கன்னத்தை மெல்லக் குத்தியும் பார்த்தார்.

மாமா தும்மினார். அந்த அம்மாள் போட்ட கூச்சலில், கூரையிலிருந்து இறங்கலாமா என்று யோசித்த பூனைகளும் யோசனையைக் கைவிட்டன.

"என்னை யாரு குத்தினது?" என்றார் மாமா.

அர்கிரோவுக்குப் புரிந்துவிட்டது. பக்கத்து வீடுதான் பழங்காலக் கப்பல்காரர்களின் பொருள்களை வைத்திருக்கும் அருங்காட்சியகம். அதற்கும் இதே பச்சைக் கதவு. மதியத்தில் அது பூட்டியிருக்கும். இவர்கள் கதவு மாறி வந்திருக்கிறார்கள்!

நீளக் கழுத்துக்காரர் ஒருவர் அவளிடம் பணத்தை நீட்டினார். "சீட்டு... எவ்வளவு?"

அர்கிரோ அப்பாவைப் பார்த்தாள். அப்பா ஒவ்வொரு கையாகப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார். அவர் முகம் அப்படிப் பிரகாசித்து அவள் பார்த்ததே இல்லை. உண்மையைச் சொன்னால் அந்த மீசை தொங்கிப்போகுமே!

அவள் நீளக் கழுத்துக்காரரின் கையை மூடிவிட்டு, அதில் கரண்டியைச் செருகினாள். "சீட்டு இல்லைங்க. இனிப்புதான். 'பல்லாண்டு வாழுங்க'ன்னு எங்கப்பாகிட்ட சொல்லிட்டுச் சாப்பிடுங்க."

அவர் அப்படியே சொன்னார். சாப்பிட்டார். கண்ணை மூடினார். பிறகு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டித் தெருவில் நின்றவர்களை எல்லாம் கூப்பிட்டார்!

சமையலறையில் அம்மா ஜாடியைக் கவிழ்த்துக் காட்டினாள். ஒரு சொட்டுப் பாகு விழுந்தது.

"போச்சு அர்கிரோ. வாசல்ல இன்னும் அவ்வளவு பேரு நிக்கிறாங்க. உங்கப்பா மானம் கப்பல் ஏறப்போகுது."

"கப்பல்தான் தயாரா நிக்குதே" என்று முனகினார் மாமா.

அர்கிரோ ஜன்னலில் சாய்ந்து யோசித்தாள். எதிர்வீட்டுக் கதவும் அகலத் திறந்திருந்தது. உள்ளே மேசை நிறைய இனிப்பு. அதன் முன்னால், இஸ்திரி போட்ட சட்டையில் மொட்டைத் தலையோடு ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தார்.

அவரும் பண்டேலிஸ்தான்! படகு கட்டும் இரும்பு வளையம் யாருக்கு என்று அப்பாவோடு சண்டை போட்டு, இரண்டு ஆண்டாகப் பேச்சில்லை. அவர் வீட்டுக்கு அன்று யாருமே வரவில்லை போலிருக்கிறது. ஈ ஓட்டிக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அர்கிரோ காலித் தட்டோடு தெருவைத் தாண்டினாள்.

"பல்லாண்டு வாழுங்க மாமா!"

அவர் திடுக்கிட்டு எழுந்தார். "உங்கப்பன் அனுப்பினானா?"

"இல்ல, நானாத்தான் வந்தேன். முதல்ல எனக்கு இனிப்பு குடுங்க. அப்புறம் உங்க வீட்டுக்கு ஒரு கப்பல் ஆளுங்களைக் கூட்டிட்டு வரலாமா?"

"கப்பல் ஆளுங்களா? எத்தனை பேரு?"

"உங்க இனிப்பு தாங்குற வரைக்கும்."

"ஏய், என் அத்திப்பழ இனிப்பு ஒரு கடற்படைக்கே தாங்கும்! உங்கப்பனோட நாரத்தை மாதிரி நெனச்சியா?"

அவர் வீடு சின்னது. கூட்டம் கொள்ளவில்லை. "மேசையைத் தெருவுக்கு இழுத்துருவோமே" என்றாள் அர்கிரோ. இழுத்தார்கள். அதைப் பார்த்த அப்பா விட்டுக்கொடுப்பாரா? தன் மேசையையும் இழுத்தார். தெரு குறுகல். இரண்டு மேசைகளும் நடுவில் முட்டிக்கொண்டு நின்றன. மீசையும் மொட்டையும் நேருக்கு நேர்.



"உன் மேசைக் கால் ஆடுது" என்றார் அப்பா.

"உன் ஜாடி காலி" என்றார் மொட்டை பண்டேலிஸ். பிறகு ஓர் அத்திப்பழத்தைக் கரண்டியில் எடுத்து நீட்டினார். "பல்லாண்டு வாழுடா, மீசை."

அப்பா வாயில் போட்டு மென்றார். "நீயும் வாழுடா, மொட்டை. சர்க்கரைதான் கொஞ்சம் கம்மி."

இருவரும் சிரித்த சிரிப்பில் மலை மேலிருந்த காற்றாலைகள் சுற்ற ஆரம்பித்தன.

பயணிகளைத் தேடி வழிகாட்டி வந்தார், உட்கார்ந்துவிட்டார். வழிகாட்டியைத் தேடிக் கப்பல் அதிகாரி வந்தார், அவரும் உட்கார்ந்துவிட்டார். கடைசியில் தங்கப் பட்டை வைத்த வெள்ளைச் சட்டையில் கப்பல் தலைவரே வியர்க்க விறுவிறுக்க வந்தார்.

"என் கப்பல்ல சமையல்காரனைத் தவிர ஒருத்தனும் இல்ல! என்னய்யா நடக்குது இங்க?"

"பெயர்நாள்ங்க" என்று தட்டை நீட்டினாள் அர்கிரோ. "உங்க பேரு என்னங்க?"

தலைவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அட கடவுளே, இன்னைக்கா! நானும் பண்டேலிஸ்தான்! வேலை வேலைன்னு மறந்தே போயிட்டேன்!"

அப்புறம் அவரை யார் விடுவார்கள்? அன்று அந்தக் கப்பல் தாமதமாகத்தான் புறப்பட்டது. துறைமுகத்தைத் தாண்டும்போது மூன்று பண்டேலிஸ்களுக்காக மூன்று முறை ஊதியது. சண்டைக்குக் காரணமான அந்த இரும்பு வளையத்தில் மீசையின் படகும் மொட்டையின் படகும் பக்கத்துப் பக்கத்தில் ஆடின.

கரண்டிகளைக் கழுவும்போது அர்கிரோ மெல்லக் கேட்டாள். "அப்பா, அவங்க உண்மையிலே எதுக்கு வந்தாங்கன்னு தெரியுமா?"

"தெரியாம என்ன? பெயர்நாளுக்கு வந்தவன் எவனாவது உங்க மாமனைக் குத்திப் பார்ப்பானா?" அப்பா மீசையை முறுக்கினார். "ஆனா போகும்போது எல்லாரும் என் பேரைச் சொல்லித்தானே போனாங்க!"