இருநூற்றுப் பதினான்காம் எண்ணின் உயரம்

பெரிய டாக்டர் துப்பறிவாளரின் மேஜைமேல் ஒரு தாளை வைத்தார்.

"முதுமையைப் பத்தி மூணு ஊர்ல தனித்தனியா ஆராய்ச்சி நடக்குது. இருபது வருஷமா அதே ஆட்களை வருஷா வருஷம் அளக்குறோம். இப்ப மூணு பட்டியலையும் சேர்த்துப் பார்க்கப் போறோம். எங்க பட்டியல்ல 214-ஆம் எண் மட்டும் இடிக்குது. எழுபத்தெட்டு வயசுக்காரர் ரெண்டு சென்டிமீட்டர் வளர்ந்திருக்கார். நர்ஸ் இஷ்டத்துக்கு எழுதினதுன்னு ஆச்சுன்னா மத்த ரெண்டு ஊரும் எங்களைக் கழட்டி விட்ருவாங்க. அந்தப் பொண்ணுக்கு வேலையும் போயிடும்."

"நர்ஸ்தான், அத்தான்," என்றார் துப்பறிவாளரின் பக்கத்தில் இருந்த அவர் மச்சினன். எந்த வழக்கிலும் முதல் ஐந்து நிமிடத்துக்குள் யாரையாவது ஜெயிலுக்கு அனுப்பாவிட்டால் அவருக்கு இருப்புக்கொள்ளாது.

துப்பறிவாளர் தாளைப் படித்தார். பதினெட்டு ஆண்டுகள் 214-க்கு வலது கைப் பிடிதான் வலுவாக இருந்தது. கடைசி இரண்டு ஆண்டுகளாக இடது கை.

அளவெடுக்கும் அறையில் நர்ஸ் கண் கலங்கி நின்றிருந்தார். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்தான் ஆகிறது.

"கண்ணால பார்த்ததைத்தான் எழுதினேன் சார். அவர் தங்கமான மனுஷர். 214-ன்னு எண் போட்ட அட்டையை மறக்காம கொண்டு வருவார். எதைக் கேட்டாலும் பட்டுனு பதில் வரும். வயசைக் கேட்டா மட்டும் விரல்விட்டு எண்ணுவார்."

"மறதி நோய், அத்தான்," என்று மச்சினன் கட்சி மாறினார்.

மறுநாள் அந்தப் பெரியவரை வரவழைத்தார்கள். துப்பறிவாளர் ஒரு பேனாவை நீட்டினார். பெரியவர் இடது கையால் வாங்கினார்.

"உங்க வயசோட எத்தனை கூட்டிச் சொல்றீங்க, ஐயா?"

பெரியவர் பேனாவை மேஜைமேல் வைத்தார். "நாலு. அண்ணன் எனக்கு நாலு வயசு மூத்தவர்."

மச்சினன் வாயைப் பிளந்தார். துப்பறிவாளர் அவர் பக்கம் திரும்பினார். "பக்கவாதம் வந்தா கை மாறலாம் மாப்ளே, உயரம் கூடாது. தன் வயசுக்கு யாரும் விரல் விடமாட்டாங்க, அடுத்தவங்க வயசுக்குத்தான் விடுவாங்க. இந்தப் பொண்ணு எழுதினது எல்லாம் சரி. ஆள்தான் வேற."

"கண்ணை மூடுறதுக்கு முந்தி அண்ணன் என் கையைப் பிடிச்சுக்கிட்டார்," என்றார் தம்பி. "'நான் பாதியில நின்னா இத்தனை பேர் உழைப்பும் வீணாயிடும்டா, நீ விடாம போ'ன்னார். நானும் வந்தேன்."

பெரிய டாக்டருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், ஆனால் நாற்காலியை இழுத்துப் போட்டுத் தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஐயா, யார் எத்தனை நாள் இருக்காங்கன்னு தெரிஞ்சுக்கத்தானே இந்த ஆராய்ச்சியே. அவர் இறந்த தேதிதான் அவர் எங்களுக்குத் தரவேண்டிய கடைசி அளவு. அதைச் சொல்லுங்க. அவர் பாதியில நின்னவர் இல்ல, முடிச்சுக் கொடுத்தவர்."

நர்ஸ் இரண்டு வருட அளவுகளையும் அடித்துவிட்டுக் காத்திருந்தார். தம்பி அட்டையை மேஜைமேல் வைத்தார். நாள், மாதம், வருடம், மணி எல்லாம் சொன்னார். இந்த முறை விரல்விட்டு எண்ணவில்லை.